கூரை பிரித்த வாரம்

பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுக் கதவைத் தள்ளினேன். உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

காலையில் நான் கிளம்பும்போது இருந்த கூரை மாலையில் இல்லை. கட்டில்மேல் வெயில், அடுப்புமேல் வெயில், மாதா படத்தின் கண்ணாடியில் வெயில். எதிர்வீட்டு முருங்கை மரம் எங்கள் சமையல் மூலைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரையைப் பிரிக்கப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சுதான். ஆனால் பிரித்தால் வானம் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பத்து வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். வாசற்படியிலேயே புத்தகப் பையோடு நின்று, யாரோ செத்துப்போன மாதிரி அழுதேன். அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

ராயபுரத்தில், கோயிலுக்குப் பின்னால் போகும் சந்தில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சின்ன அறை, பின்னால் தட்டி மறைத்த சமையல் இடம். மேலே நாட்டு ஓடு. பூனை ஓடினால் உடையும், காக்கை உட்கார்ந்தால் நகரும் ஓடு. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், யாராவது மேலே ஏறி உடைந்ததை எடுத்துவிட்டு வேறு சொருக வேண்டும். அந்த வேலையை எப்போதும் அப்பாதான் செய்வார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிட்டோம்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலுக்குள் இறங்கி மூட்டைகளை மேலேற்றிவிடும் கூட்டத்தில் அவர் ஒருவர். கப்பலின் இரும்பு ஏணிகளில் ஏறி இறங்கிப் பழகிய உடம்பு அது. கோயில் திருவிழாவுக்குக் கொடிமர உச்சியில் கயிறு கோக்க வேண்டுமென்றால் பங்குச் சாமியார் ஆளனுப்புவது எங்கள் வீட்டுக்குத்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஏறும்போது சந்துப் பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து நிற்கும். பக்கத்தில் நிற்கிறவர்களிடம் நான், "எங்க நைனா, எங்க நைனா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அது தெரிந்தவர்களிடமும் சொல்வேன்.

ஆனால் கூரை பிரித்ததற்கு முந்தின வருஷம் அவர் ஓடு மாற்ற ஏறவில்லை. முழங்கால் வலி என்றார். திருவிழாவுக்கும் வேறு யாரோ ஏறினார்கள். துறைமுகத்தில் அவரைக் கப்பலிலிருந்து சரக்குக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். வயது ஆக ஆக அப்படித்தான் சுலபமான வேலை கொடுப்பார்கள் என்று அம்மா சொன்னாள். அந்த மழைக்காலம் முழுவதும் கூடத்தில் குண்டானும் வாளியும் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். மழை விட்டதும் நைனா ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஓடே வோணாம். பிரிச்சிப் போட்டுட்டு சிமெண்ட் ஷீட்டு போட்ருவோம். ஒரு தபா போட்டா அப்பாலிக்கா யாரும் மேல ஏறத் தேவல."

எங்கள் சந்தில் அப்போது ஷீட்டு போட்ட வீடு கிடையாது. பள்ளிக்கூடத்தில் அதையும் சொல்லிப் பெருமையடித்தேன்.

டோல்கேட் பக்கத்திலிருந்து ஒரு தச்சு மேஸ்திரி இரண்டு ஆள்களோடு வந்தார். நைனாவைப்போல ஒன்றரை மடங்கு இருப்பார் மேஸ்திரி. அவர் ஏறும்போது மூங்கில் ஏணி முனகும். நாலு நாள் வேலை என்றார். முதல் நாள் ஓட்டைப் பிரிப்பது. அடுத்த இரண்டு நாள் கரையான் தின்ற கட்டைகளைக் கழித்துவிட்டுப் புதுக் கட்டை ஏற்றுவது. நாலாம் நாள் ஷீட்டு. ஆகஸ்ட் கடைசி. பெரிய மழைக்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் இருந்தது. இருந்தாலும் சாயங்கால மழையை நம்ப முடியாது என்று, துறைமுகத்தில் கழித்துப்போட்ட ஒரு பெரிய தார்ப்பாயைச் சீட்டு வாங்கி, கேட்டில் காட்டி, நைனா தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்ததும் மேஸ்திரியின் ஆள்கள் அதைக் கூரைமேல் போர்த்துவார்கள். பின்பக்கத்துக் கயிறுகளை மேலே உத்திரத்தில் முடிவார்கள். வாசல் பக்கத்துக் கயிறுகளைக் கீழே இழுத்து, தரையில் அடித்த முளைகளில் கட்டுவார்கள். காலையில் அவிழ்த்துக் கீழே போடுவார்கள்.

"ஒரு நாளும் மறந்துறாதீங்க" என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவைத்தார். "சுவரு மண்ணு சாந்துல கட்னது. மேல மூடி இருக்கிற வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும். தலையில தண்ணி எறங்கிச்சி, கரைஞ்சி உக்காந்துரும், சொல்ட்டேன்."

கூரையைப் பிரித்த அன்று மாலையே தம்பிக்கு உடம்பு சுட்டது. அவனுக்கு நாலு வயது. மறுநாள் காலையில் முகமெல்லாம் சிவப்பாகப் பொரிந்திருந்தது. மணல்வாரி அம்மை. நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். ஆனாலும் அம்மா முதல் வேலையாக வாசலில் வேப்பிலைக் கொத்தைச் சொருகினாள். அதைப் பார்த்ததும் சந்தில் எல்லோரும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதில் தப்பு சொல்வதற்கில்லை. எந்த வீட்டில்தான் சின்னப் பிள்ளை இல்லை? தண்ணீர்க் குழாயடியில்கூட எனக்கு வழி விட்டுத் தள்ளி நின்றார்கள். அது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. நைனாவும் லீவு போட்டிருந்தார். மேஸ்திரியின் ஆள்கள் தார்ப்பாயை இறக்கிவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்திருப்பார்கள், சைக்கிளில் ஒருவன் வந்து மேஸ்திரியின் மாமியார் இறந்துவிட்டதாகச் சொன்னான். உளி சுத்தியலையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடிந்ததும் இருட்டுவதற்குள் வந்து தார்ப்பாயைக் கட்டிவிடுவதாக மேஸ்திரி சொன்னார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மூன்று மணி இருக்கும். கடல் காற்று நின்றுபோனது. சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, மேற்கிலிருந்து, ஒரு காற்று வந்தது. ரயில்வே யார்டின் கரித்தூளை வாரிக்கொண்டு வந்து எங்கள் கூரையில்லாத வீட்டுக்குள் கொட்டியது. தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினான். அண்ணாந்து பார்த்தேன். பாதி வானம் நீலமாக இருந்தது. மீதிப் பாதி சாணி மெழுகின மாதிரி கறுத்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஏணியப் புடி!" என்று நைனா கத்தினார்.

ஓடிப்போய் ஏணியின் அடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமே இல்லை. நைனா ஏறிவிடுவார், கண் மூடித் திறப்பதற்குள் கட்டிவிடுவார், சந்தே பார்க்கும். சந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் அவரவர் வாசலில் நின்றார்கள். வேப்பிலைக்குப் பயந்து யாரும் கிட்டே வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் தெருவில் இறங்கி நின்றார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கால் கொஞ்சம் இழுக்கும்.

நைனா கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறினார். ஒரு படி. இரண்டு படி. மூன்றாவது படியில் நின்றார்.

ஏணி நடுங்கியது. காற்றுதான் என்று நினைத்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நடுக்கம் நிற்கவில்லை. மூங்கில் வழியாக என் கைக்குள், தோளுக்குள், பல்லுக்குள் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது நைனாவின் கெண்டைக்கால் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதுதான் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இரண்டு கையும் ஏணியைக் கவ்வியிருந்தன. எட்டிக் குதித்தால் நானே குதித்துவிடும் உயரம் அது.

"இன்னா மாமு, நின்னுகினு கீறே? ஏறு! மய வந்துட்ச்சி!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நைனா ஏறவில்லை. ஒவ்வொரு காலாகத் தடவித் தடவிக் கீழே வைத்து இறங்கினார். இறங்கியதும் சுவரோரமாகக் குந்திவிட்டார். முகத்தில் வேர்வை கொட்டியது. என்னைப் பார்த்தார். பார்த்த மாதிரியும் இல்லை. என் வாழ்க்கையில் அதற்குமுன் நான் அப்படிப் பயந்ததில்லை. வானத்தைப் பார்த்து அல்ல. நைனாவின் முகத்தைப் பார்த்து.

முதல் துளிகள் விழுந்தன. புளியங்கொட்டை அளவுத் துளிகள்.

அம்மா வெளியே வந்தாள். தம்பியைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள். நைனாவை ஒரு தரம் பார்த்தாள். ஏணியை ஒரு தரம் பார்த்தாள். சேலையை முழங்காலுக்குமேல் இழுத்துப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினாள். நைனாவின் இடுப்பிலிருந்த கயிற்றை உருவித் தன் இடுப்பில் சுற்றினாள். என்னைத் தாண்டி ஏணியில் ஏறினாள்.

"அய்யய்யோ, இன்னாடி இது! எறங்குடி!" என்று எதிர்வீட்டம்மா கத்தியது சந்து முழுக்கக் கேட்டது.

பூசைக்குப் போகும்போது முக்காடு விலகினால்கூட அம்மா பதறிப்போவாள். அந்த அம்மா, கெண்டைக்கால் தெரிய, சுவர் உச்சியில் கால் வைத்து நடந்துபோய், நடு உத்திரத்தின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து அவள் கத்தினாள். கீழே இருந்த நைனாவிடம்தான் சொன்னாள், ஆனால் கோயில் வரைக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"நீ ஏறாதய்யா! அந்த ஏணி உன் கனத்துக்குத் தாங்காது, ஒடிஞ்சி பூடும்! மேல பொம்பள போதும். கீய கவுறு இஸ்து புடிக்கத்தான் ஆம்பள கை வோணும். எய்ந்திரு!"

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அம்மா தெரியாமல் தப்பாகச் சொல்கிறாள், சந்து முழுக்க அதைக் கேட்கிறது, யாரும் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்பைத் திருத்தினால் டீச்சர் பாராட்டுவார். நானும் அதே உரத்த குரலில் கத்தினேன்:

"ஏணி தாங்கும்மா! மேஸ்திரியே ஏறினாரு, ஒடியல! நைனாவுக்குத்தான் கால் நடுங்கிச்சி! நான் பாத்தேன்! பயந்துகினு எறங்கிட்டாரு!"

எதிர்வீட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மா மேலேயிருந்து என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை.

நைனா எழுந்தார். தார்ப்பாயின் விளிம்பை மூங்கில் கழியால் தூக்கிக் கொடுத்தார். அம்மா மேலிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தாரும் பழைய கோதுமையும் கலந்து நாறும் அந்தக் கனத்த துணி, ஒவ்வொரு முழமாக மேலே போனது. அம்மா கடற்கரைக் குப்பத்தில் வளர்ந்தவள். கயிற்றில் முடிச்சுப் போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பக்கத்துக் கயிறுகளை உத்திரத்தில் முடிந்துவிட்டாள். வாசல் பக்கத்துக் கயிறுகளை நைனா முளைகளில் கட்டினார். அப்போதுதான் மழை முழுசாக இறங்கியது. மழையோடு காற்றும்.

தார்ப்பாய்க்குள் காற்றுப் புகுந்து, அது வயிறு உப்பி எழுந்தது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டு பறந்தது. அடுத்தது இன்னொன்று. அம்மா உத்திரத்தைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தாள். துணி அவளை உதறித் தள்ளப் பார்த்தது. நைனா இரண்டு கயிறுகளையும் பாய்ந்து பிடித்தார். காற்று அவரை இழுத்தது. குதிகால்கள் சேற்றில் கோடு போட, சந்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் போனார். சாய்ந்தார். விழுந்தார். விழுந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். கயிறு கைக்குள் ஓடுவதை நான் பார்த்தேன். அவர் விடவில்லை.

"புடி மாமு, வுட்றாத! தோ வந்துட்டேன்!" என்று எதிர்வீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து அவர்மேல் விழுந்து கயிற்றைப் பிடித்தார். பின்னாலேயே அவர் மனைவி வந்தாள். மணல்வாரி என்று இரண்டு நாளாக என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியவள், சேற்றில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இழுத்தாள். மூன்று பேருமாக எதிர்வீட்டு முருங்கையின் தடித்த அடிமரத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்கள்.

அரைமணி நேரம் மழை பெய்தது. அம்மா மழை விடும்வரை மேலேயே கிடந்தாள். ஒரு மூலையில் சுவரின் தலை ஒரு முழ அளவுக்குக் கரைந்து கூடத்துக்குள் சேறாக விழுந்தது. அவ்வளவுதான் சேதம். தம்பி கட்டிலுக்கு அடியில் நனையாமல் தூங்கியிருந்தான்.

அம்மா இறங்கி வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, சந்தில் நின்ற எல்லோருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை நன்றி சொன்னாள். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். பிறகு என் கன்னத்தில் அறைந்தாள்.

அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான். வலியைவிட அதிர்ச்சிதான் பெரிது. ஏணியைப் பிடித்தவள் நான். சேற்றில் நின்றவள் நான். "நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. தலைப்பிரசவத்துக்கு நான் வந்திருந்தபோது, குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, வேறெதையோ பேசிக்கொண்டிருந்த அம்மா அதைச் சொன்னாள். கூரை பிரித்ததற்கு முந்தின வருஷம் ஒரு நாள், நைனாவும் அவருடைய கூட்டாளியும் கப்பலின் அடித்தட்டுக்கு இரும்பு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார்களாம். கீழ்ப்படியில் போனவருக்குக் கை நழுவியது. மேலே நின்ற நைனா குனிந்து அவர் சட்டையை எட்டிப் பிடித்தார். சட்டை கிழிந்து நைனாவின் கையோடு வந்துவிட்டது. ஆள் போய்விட்டார். அன்றிலிருந்து நைனாவால் ஒரு ஏணியிலும் ஏற முடியவில்லை. முழங்கால் வலி என்றது அதனால்தான். கொட்டகை வேலையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியதும் அதனால்தான். வருஷா வருஷம் ஏறத் தேவையில்லாத ஒரு கூரையை அவர் தேடியதும் அதனால்தான். இது அம்மாவைத் தவிர சந்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலேயே இருந்திருக்கும்.

அன்று மாலை எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மூலையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். நைனா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சதை தெரிந்தது. அம்மா தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அவற்றில் தடவினாள். டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை. அவளே காப்பியை வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள்.

இரண்டு வாய் குடித்துவிட்டு நைனா சொன்னார்:

"பாப்பாவ அடிக்காத. அது கண்ணால பாத்தத்தான சொல்லிச்சி."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவைப் பார்த்து உதட்டைச் சுழித்தேன். அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். என்னை அடித்துவிட்ட வெட்கம் என்று நினைத்தேன். நைனா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். கை எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியில் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.